கப்பல் வந்தால் டவர் வாய் மூடுமா?

கேள்வி: அமெரிக்காவில், வர்ஜீனியா கடற்கரைப் பக்கம் செல்பேசிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என் அண்ணன் மகன். "கடற்படைக் கப்பல் வந்தால் எங்கள் டவர் அலைவரிசையை விட்டுக்கொடுத்துவிடும் அத்தை" என்கிறான். கதை அளக்கிறானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள் அம்மா, நிஜம்தான். அவன் சொல்வது 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 'சிபிஆர்எஸ்' என்கிற அலைவரிசைப் பட்டை. நெடுங்காலமாகக் கடற்படை ராடார்கள் புழங்கும் இடம். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானங்களைக் கவனிக்கிற ராடார்கூட அதில்தான். 2015-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் செல்பேசிக்காரர்களையும் அங்கே குடிவைத்தது.

அவ்வளவு சத்தமாகக் கத்துகிற ராடாருக்கு, ஒரு டவர் முணுமுணுத்தால் என்ன கெட்டுவிடும்? மைக்ரோவேவ் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் கேட்டேன். கத்துவது சுலபம், எதிரொலியைக் கேட்பதுதான் பாடு. செல்பேசி அலைக்கு ஒருவழிப் பயணம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் பலம் நாலில் ஒன்றாகும். ராடார் அலை போய் முட்டித் திரும்ப வேண்டும்; தூரம் இரட்டித்தால் எதிரொலி பதினாறில் ஒன்று. மலையடிவாரத்தில் 'ஓ' என்று கூவிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறார். எரிச்சல் வருமா வராதா?

அதற்கு முன் 2010-ல், கடலோரத்தில் டவரே கூடாது என்று காகிதத்தில் தடை எல்லை போட்டுப் பார்த்தார்கள். நாட்டு மக்களில் சுமார் 60 சதவீதம் பேர் அதற்குள் மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் எதற்கு அந்த அலைவரிசை? அதனால் கரையோரமாக உணரிகளை நட்டார்கள். ராடார் துடிப்பு காதில் விழுந்ததும் உணரி ஒரு கணினி மையத்துக்குச் சொல்லும். டவர்கள் அந்த மையத்திடம் 'பேசலாமா, பேசலாமா' என்று ஓயாமல் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கும். ராடார் வந்தால் அனுமதி கிடைக்காது. 300 விநாடிக்குள் அந்த இடத்தைக் காலி செய்தாக வேண்டும். கம்பெனியிடம் வேறு அலைவரிசை இருந்தால் போன் அதற்குத் தாவிவிடும், பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. கப்பல் எங்கே நிற்கிறது என்று உணரி குறித்து வைக்கக் கூடாது. ராணுவ விஷயமாயிற்றே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உணரிக்குக் காது கேட்க வேண்டுமானால் அதைச் சுற்றியும் சந்தடி கூடாது. ஆகவே பக்கத்து டவர்கள் கப்பலே வராத நாளிலும் தணிந்த குரலில்தான் பேச வேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடிக்காத ஒரே சங்கதி இதுதான்.

கேள்வி: 2022 ஜனவரியில் 5ஜி-யைக் காரணம் காட்டி அமெரிக்க விமானங்கள் சில ரத்தானதும் இதே சிக்கலா?
– வாசகர், மதுரை

பதில்: பங்காளிச் சண்டை. விமானத்தின் வயிற்றில் தரையிலிருந்து உயரத்தை அளக்கும் ஒரு குட்டி ராடார் உண்டு. 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். அமெரிக்க 5ஜி-க்கு அப்போது கொடுத்த பட்டை 3980-லேயே முடிகிறது. நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் பழைய கருவிகளில், வேண்டாத அலைகளைத் தடுக்கிற வடிகட்டி மட்டமானது. பக்கத்து வீட்டுப் பேச்சும் காதில் விழும். அங்கே உணரியெல்லாம் சரிப்படாது. தூரமும் நல்ல வடிகட்டியும்தான் மருந்து. இந்தியாவில் 5ஜி-க்குக் கொடுத்த இதேபோன்ற பட்டை 3670-ஐத் தாண்டவில்லை. அப்படியிருந்தும் 2022 நவம்பரில், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2100 மீட்டருக்கும் நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்கும் அந்தப் பட்டை டவர் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை சொல்லிவிட்டது. சரியான முடிவு என்பேன்.

கேள்வி: வீட்டு வைஃபை ரூட்டர் ராடாருக்குப் பயப்படும் என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

பதில்: பயப்படும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் சில சானல்கள் வானிலை ராடார்களும் இருக்கும் இடம். ரூட்டர் அங்கே உட்காருமுன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். நடுவில் ராடார் வந்தால் 10 விநாடிக்குள் எழுந்துவிட வேண்டும், அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. என் வீட்டு ரூட்டர் வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி ஓடியது. அதன் பதிவேட்டைத் திறந்தால் 'ராடார் தென்பட்டது' என்று வரி வரியாக இருக்கிறது. எங்கள் தெருவில் ராடாருக்கு எங்கே போவது? வேறு ஏதோ இரைச்சலைக் கேட்டு மிரண்டிருக்கிறது. சானல் 36-க்கு மாற்றிவிட்டேன். அங்கே இந்தக் கெடுபிடி கிடையாது.