ரயிலில் சோழர் கோயில்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் சென்னையிலிருந்து ரயிலில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு நாள்தான் இருக்கிறது. வயதான பெற்றோரும் வருகிறார்கள். எப்படிப் போவது?

பதில்: சென்னை–திருச்சி ரயில்களில் பெரும்பாலானவை விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைன் எனப்படும் குறுக்குப் பாதையில் போய்விடும். அந்தப் பாதையில் கும்பகோணமும் வராது, தஞ்சாவூரும் வராது. மயிலாடுதுறை வழியாக மெயின் லைனில் ஓடும் ரயில்தான் உங்களுக்கு வேண்டும். இரவுப் பயணத்துக்கு உழவன் எக்ஸ்பிரஸ் பொருத்தம். தஞ்சாவூருக்கு எடுக்காமல் கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுங்கள். எழும்பூரில் ஏறுவதா தாம்பரத்திலா என்பதைப் புறப்படும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள்.

பெற்றோர் இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள். உங்கள் பெயரையும் அதிலேயே சேர்த்தால் மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு கிடைக்காது. முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்கிவிடும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ரயில் இல்லை. கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கி.மீ.; ஜெயங்கொண்டம் பேருந்தில் போகலாம். முதல் நாள் காலையிலேயே இதை முடித்துவிடுங்கள். நண்பகலிலிருந்து மாலை 4 மணி வரை நடை சாத்தியிருக்கும். பலருடைய திட்டம் கெடுவது இந்த நாலு மணி நேரத்தில்தான். அந்நேரம் கும்பகோணத்தில் சாப்பிட்டு ஓய்வெடுத்துக்கொண்டு, நாலு மணிக்கு ஆட்டோவில் தாராசுரம் போங்கள். தாராசுரத்திலும் ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு, ஆனால் பாசஞ்சர் வண்டிகளை நம்பித்தான் போக வேண்டும்.

மூன்றில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது தாராசுரத்துக்கு என்பேன். முன்மண்டபத்தின் தேர்ச்சக்கரத்தையும் பாயும் குதிரைகளையும் எல்லோரும் படமெடுப்பார்கள். கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் நாயன்மார் வரலாறுகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. விமானத்தையே அண்ணாந்து பார்த்து நடந்தால் இவை கண்ணில் படாது. குனிந்து, மெதுவாகச் சுற்றி வாருங்கள். மழைக்காலத்தில் வளாகம் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் தேங்குவதுண்டு.

இரவு தஞ்சாவூரில் தங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து பெரிய கோயில் சுமார் 2 கி.மீ.தான். நடை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் கல்தளம் சுடும், வெறுங்காலோடு பெரியவர்களால் நடக்க முடியாது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகள் காலை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். அன்றிரவே உழவனில் திரும்பலாம்.

கேள்வி: ஊட்டி மலை ரயிலில் நவம்பரில் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு ஏற்பட்டால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி ரத்தாகும். பல்சக்கரத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் இருப்பது அந்தப் பகுதியில்தான். காத்திருப்புப் பட்டியலில் உள்ள ஆன்லைன் டிக்கெட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாரானதும் தானாக ரத்தாகிவிடும், அதை நம்பி மேட்டுப்பாளையம் போக வேண்டாம். கீழ்ப்பகுதி ரத்தானாலும் குன்னூர்–ஊட்டி வண்டி ஓடுகிறதா என்று கேளுங்கள். பேருந்தில் குன்னூர் போய் அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம்.