கத்தோலிக்கப் பங்கில் எல்லாம் பாதர் தலையிலேயே விழுகிறது, மக்களை எப்படி ஈடுபட வைப்பது?

பூசைக்கு ஆலயம் நிறைகிறது, வேலை என்று வந்தால் அதே நாலு பேர்தான் என்கிறீர்கள். வன்னியில் கனபங்குகளில் இதே கதைதான். நான் கிளிநொச்சிப் பக்கத்து ஆள், பங்கின் அருட்பணிச் சபையில், அதாவது பாதருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில், இருக்கிறேன்.

என்னைக் கேட்டால், ஆக்களுக்கு விசுவாசம் குறையவில்லை. கதிரை அடுக்கவும் பந்தல் போடவும் இளைஞரைக் கூப்பிடுகிறோம். எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்று பேசும்போது அவர்களைக் கூப்பிடுவதில்லை. பெண்கள் சமையலுக்கு, ஆண்கள் சபைக்கு. போருக்குப் பிறகு பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் இவ்வளவு இருக்கிற மண்ணில் இது என்ன நியாயம்? பூசையில் வேதம் வாசிக்கும் வாசகர் பணியையும் பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் பணியையும் பாப்பரசர் பிரான்சிஸ் 2021 ஜனவரியிலேயே பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார்.

"பாதர் இல்லாமல் நாங்கள் என்ன செய்வது" என்பவர்களுக்கு மன்னார்ப் பக்கத்து மடு மாதா திருத்தலத்தைக் காட்டுங்கள். ஒல்லாந்தர் குருக்களைத் துரத்திய பிறகு, 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது வருசம் விசுவாசத்தைக் காப்பாற்றியது பொதுமக்கள்தான். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனதும் சாதாரணக் குடும்பங்கள் என்றுதான் பரம்பரையாகச் சொல்கிறோம்.

சரி, எங்கே தொடங்குவது? வீட்டில். அன்பியக் கூட்டத்தை, அதாவது அயல் குடும்பங்கள் சேர்ந்து வேதம் வாசித்துச் செபிக்கும் கூட்டத்தை, ஆலயத்தில் வைத்தால் அது இன்னொரு பிரசங்கமாகிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, காணாமற்போன ஆட்டின் நற்செய்தியை வாசித்தோம். வழக்கமாக வாயே திறக்காத ஒரு அம்மா, "என்ர பிள்ளையையும் ஆராவது இப்பிடித் தேடிப் போகவேணும் எல்லோ" என்றார். போரின் கடைசி நாட்களில் காணாமற்போன மகன். ஒருவரும் விளக்கம் சொல்லப் போகவில்லை, நல்லகாலம். செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினோம். அதுவரை எட்டிப் பார்க்காத அயல்வீட்டு ஆக்கள் பிறகு வரத் தொடங்கினார்கள். அந்த அம்மாவின் வீட்டு வேலி விழுந்தபோது கட்டிக் கொடுத்ததும் அந்தக் கூட்டம்தான், சபை தீர்மானம் ஒன்றும் போடவில்லை.

வாசகத்தைப் பூசைக்கு ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் நிற்பவர் கையில் திணிக்காதீர்கள். புதன், வியாழனிலேயே கொடுத்தால் வீட்டில் நாலுதரம் வாசித்துவிட்டு வருவார்கள். கூச்சப்படுகிறவர்களும் அப்போதுதான் ஓமென்பார்கள்.

திருச்சபைச் சட்டப்படி அருட்பணிச் சபைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான், முடிவு பங்குத்தந்தையுடையது. இதைத் தெரியாமல் சண்டைக்குப் போய்ப் பயனில்லை. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அது உங்கள் பங்கில் இயங்குகிறதா என்று பாருங்கள். மாதக் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டும்படி பாதரிடம் தன்மையாகக் கேளுங்கள். கணக்குத் தெரிந்தால் ஆக்கள் தாமாகவே கேள்வி கேட்பார்கள், கேட்கிறவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கலாம்.

திருநாளுக்கு முன்னால் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். அப்போது பேச்செல்லாம் லைற், சவுண்ட், சுரூபக் கூடு சோடிப்பதுதான். காலபோக அறுவடை நேரத்திலும் ஒருவரும் வரமாட்டார்கள். நெல் வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள்.