காசு கட்டினால் 'சவுத் ஜோன்' சான்றிதழ் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறாள். ஏதோ ஒரு சம்மேளனத்தின் செயலாளர் என்று ஒருவர் வந்து, பணம் கட்டினால் 'தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி'யில் ஆடவைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், அரசு வேலைக்கு ஆகும் என்கிறார். நம்பலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அசல் தென்மண்டலப் போட்டி இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்துவது. அதற்கு அணி அனுப்புவது பல்கலைக்கழகம் மட்டும்தான். தனி ஆளோ கிளப்போ பெயர் கொடுக்க வழியே இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடி, பல்கலைக்கழக அணித் தேர்வில் தேறினால்தான் உங்கள் மகள் போக முடியும். அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கும் 25 வயதைத் தாண்டியவர்களுக்கும் இடமில்லை. உங்கள் மகளுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஒரு விஷயத்தில் பெற்றோர் எப்போதும் குழம்புகிறார்கள். கல்லூரி தன்னாட்சி பெற்றதாக, அதாவது பரீட்சையைத் தானே நடத்துவதாக இருந்தால், அதற்கென்று தனி அணி போகும் என்று நினைக்கிறார்கள். போகாது. பரீட்சையை யார் நடத்தினாலும் பட்டம் கொடுப்பது தாய்ப் பல்கலைக்கழகம். ஆகவே அதன் அணிக்குத்தான் ஆட வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு, அது பட்டத்தைத் தானே கொடுக்கிறது, தன் அணியையும் தானே அனுப்பும். பெயர்ப் பலகையைப் பார்க்காமல், பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் வரும் என்று பாருங்கள்.

அடுத்தது சான்றிதழ். மைதானத்தில் கொடுக்கும் வண்ணத் தாள் மட்டும் போதாது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழக வீரர்களிடம் கேட்பது 'படிவம் 3', அதாவது பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கான சான்று. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பு அதிகாரி, தன் அலுவலகப் பதிவேட்டைப் பார்த்து, தானே கையெழுத்திட்டால்தான் அது செல்லும். சம்மேளனச் செயலாளரின் பச்சை மை அங்கே எடுபடாது. படிவம் 3 இருந்தாலும் விண்ணப்பிக்கத்தான் தகுதி. 'வேலை நிச்சயம்' என்பவர் சுத்தமாகப் பொய் சொல்கிறார்.

அந்த ஒரு கையெழுத்துக்குப் பிள்ளைகளை எத்தனை முறை அலையவிடுகிறார்கள்! அதிகாரி கூட்டத்தில் இருப்பார், பதிவேடு பீரோவில் இருக்கும், சாவி இன்னொருவரிடம் இருக்கும். அலுத்துப்போன பெற்றோரைத்தான் இந்தப் புரோக்கர்கள் வளைக்கிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இந்த ஆண்டு அணித் தேர்வு என்றைக்கு என்று கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள். பெயரின் இனிஷியல் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.