22,000 கொடுத்துத் தொலைத்துவிடலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2018-ல் வாங்கிய கிரெடிட் கார்டை 2020 ஜூனில் 18,400 ரூபாய் கட்டி முடித்தேன். கட்டியதோடு சரி, கடிதம் எதுவும் வாங்கவில்லை. இப்போது ஒருவர் போன் செய்து 67,000 பாக்கி என்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் 22,000 கட்டினால் முடித்துவிடலாமாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போலீஸ் வருமாம். என் மச்சானுக்கும் பக்கத்துப் பட்டறைக்காரருக்கும்கூடப் போன் போட்டிருக்கிறார். மானம் போகிறது. கொடுத்துத் தொலைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இன்று சாயங்காலம் நிச்சயமாக வேண்டாம்.

67,000-ஐ ஒரே பேச்சில் 22,000 ஆக்குகிறவரிடம் அந்த 67,000-க்கு என்ன கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள். எடை போடாமல், டச் (வெள்ளியின் தூய்மை) பார்க்காமல் யாராவது நீட்டும் வெள்ளிக் கட்டியை நீங்கள் வாங்குவீர்களா? என் உறவுக்காரர் ஒருவர் இப்படித்தான் தொல்லை விட்டால் போதும் என்று கட்டினார். ரசீது வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு ஏஜென்சி அதே பாக்கியைக் கேட்டு வந்தது.

போனில் வாதாடாதீர்கள். ‘எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்கள்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அந்தக் கார்டு எந்த நிறுவனத்தின் பெயரில், என்ன நிலையில், கடைசியாக எப்போது பணம் கட்டியதாகப் பதிவாகியிருக்கிறது என்று அதில் தெரியும். கூடவே, 18,400 எந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்து போனதோ, அந்தக் கிளையில் 2020-க்கான ஸ்டேட்மென்ட் கேளுங்கள். பாஸ்புக் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கட்டினாலே கார்டு மூடியதாகிவிடாது. மூடச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை என்றால், அடுத்த வருடக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் விழுந்து, அது குட்டி போட்டிருக்கலாம். ஆனால் சில நூறு ரூபாய்க் கட்டணம் 67,000 ஆகியிருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது.

அடுத்தது கடிதம். போன் செய்தவருக்கு அல்ல, கார்டு கொடுத்த வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

‘என் பெயரில் பாக்கி இருப்பதாக உங்கள் சார்பில் பேசுவதாகச் சொல்லும் ஒருவர் கேட்கிறார். இதை நான் ஏற்கவில்லை. 2020 ஜூனில் முழுத் தொகையும் கட்டியதற்கான ஸ்டேட்மென்ட்டை இணைத்துள்ளேன். கணக்கு தொடங்கியதிலிருந்து இன்று வரையிலான ஸ்டேட்மென்ட், கேட்கும் தொகையின் விவரம், அந்த ஏஜென்சிக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்புங்கள். கடனை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால் அதற்கான ஆவணமும் வேண்டும்.’

‘என் பாக்கி’, ‘கொஞ்சம் டைம் கொடுங்கள்’, ‘முடிந்ததைக் கட்டுகிறேன்’ போன்ற வார்த்தைகள் கடிதத்திலும் வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட காலவரையறைச் சட்டம் கொடுப்பது மூன்று வருடம். கொரோனாவால் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் அந்தப் பாக்கி 2020 ஜூனுக்குப் பிறகோ 2021-லோ விழுந்திருந்தால், மூன்று வருடம் 2022 மார்ச்சில் தொடங்கி 2025 பிப்ரவரியோடு முடிந்துவிடுகிறது. கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கொஞ்சம் பணம் கட்டியிருந்தாலோ கணக்கு புதிதாக ஓட ஆரம்பித்திருக்கும். கெடு முடிந்த பிறகும் ‘கட்டிவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதை வைத்தே வழக்குப் போட வழியுண்டு. ஒரு ஆயிரமாவது போடுங்கள் என்று அவர்கள் கெஞ்சுவதை இந்தக் கண்ணோடு பாருங்கள். கெடு முடிந்தால் சிபிலில் இருக்கும் கறை தானாகப் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது தவறான பதிவு என்றால் சிபிலில் தனியாகப் புகார் போட வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு.

போலீஸ் மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம். நீங்கள் கொடுத்த செக் திரும்பியிருந்தால் அது வேறு கதை, நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. மச்சானிடமும் பட்டறைக்காரரிடமும் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது. ஏஜென்ட் செய்கிற தப்புக்கு அனுப்பிய வங்கிதான் பொறுப்பு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மச்சானிடமும் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள், அப்புறம் அந்தப் பக்கமிருந்து மிரட்ட அவர்களிடம் எதுவும் இருக்காது. தனி நபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் கேட்டால் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் போட்டுவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448.

ஒருவேளை வங்கி கொடுக்கும் கணக்கில் சில ஆயிரம் நியாயமாகவே பாக்கி வந்தால்? அப்போதும் தொகையைக் குறைத்துக் கட்டி, சிபிலில் ‘செட்டில்டு’ என்று பதியும் பேரத்துக்குப் போகாதீர்கள், நாளை பட்டறைக்கு லோன் கேட்கும்போது அந்த ஒரு வார்த்தை குறுக்கே நிற்கும். சரியான தொகையை வங்கிக் கணக்கிலேயே கட்டி, ‘குளோஸ்டு’ என்று பதியச் செய்து, நிலுவை இல்லை என்ற சான்றைக் கையில் வாங்குங்கள். கட்டுவதற்கு முன்பே இதை எழுத்தில் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ‘லீகல் நோட்டீஸ்’ பாதி வெற்று மிரட்டல்தான். ஆனால் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் போகவில்லை என்றால், காலக்கெடு முடிந்ததைச் சொல்ல ஆளில்லாமல் தீர்ப்பு ஒருதலையாகப் போய்விடலாம். வக்கீல் செலவு தாங்காது என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை விசாரியுங்கள். இலவச உதவிக்கு வருமான வரம்பு உண்டு, பெண்களுக்கு அந்த வரம்பு கிடையாது.