சிறந்த பிரிட்டிஷ் படங்கள் என்று விமர்சகர்கள் சொல்வதும் மக்கள் கொண்டாடியதும் ஏன் ஒத்துப்போவதில்லை? யாரை நம்பிப் படம் பார்ப்பது?

இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் பட்டியல் 1999-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்டது. சினிமா, தொலைக்காட்சி உலகத்தைச் சேர்ந்த 1000 பேரிடம் கேட்டு 100 படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கரோல் ரீட் இயக்கிய ‘தி தேர்ட் மேன்’ முதலிடம். இரண்டாவது ‘ப்ரீஃப் என்கவுண்டர்’, மூன்றாவது ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’. முதல் ஐந்தில் மூன்று டேவிட் லீன் படங்கள்.

இரண்டாவது பட்டியலையும் அதே நிறுவனம்தான் 2004-ல் தயாரித்தது. ஆனால் இதில் யாருடைய கருத்தும் கிடையாது. பிரிட்டன் தியேட்டர்களில் எந்தப் படத்துக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்ற மதிப்பீடு மட்டும்தான். முதல் நான்கு இடங்களும் அமெரிக்கப் படங்களுக்கு. ஐந்தாவது இடத்தில், பிரிட்டிஷ் படங்களில் முதலாவதாக, 1948-ல் வந்த ‘ஸ்பிரிங் இன் பார்க் லேன்’ இருக்கிறது. சுமார் 2 கோடியே 5 லட்சம் டிக்கெட். அன்றைக்கு அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 5 கோடி அளவுதான். ‘டைட்டானிக்’கூட அங்கே அவ்வளவு டிக்கெட் விற்கவில்லை.

அந்தப் படம் 1999 பட்டியலின் 100 இடங்களில் ஒன்றில்கூட இல்லை. சினிமா ஆர்வலர்கள் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கதை லேசானதுதான். பணக்கார வீட்டில் வேலைக்காரனாகச் சேரும் ஒருவன் உண்மையில் பிரபு குடும்பத்துப் பிள்ளை. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவனுக்கும் காதல். அன்னா நீகிளும் மைக்கேல் வைல்டிங்கும் நடித்தார்கள், நீகிளின் கணவர் ஹெர்பர்ட் வில்காக்ஸ் இயக்கினார். போர் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. தொலைக்காட்சி இன்னும் பெரும்பாலான வீடுகளுக்குள் வரவில்லை. 1946-ல் மட்டும் பிரிட்டனில் 163 கோடி சினிமா டிக்கெட்டுகள் விற்றிருக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை படத்துக்குப் போவது அன்றாடப் பழக்கம். அந்த மக்களுக்குப் பளிங்குத் தரையும் பட்டு உடையும் மேஜை நிறையச் சாப்பாடும் சுமார் ஒன்றரை மணி நேரம் கிடைத்தன. அது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பசி தீர்ந்ததும் படத்தின் வேலையும் முடிந்துவிட்டது. இந்த ஒரு படத்தைப் பொறுத்தவரை பட்டியல் போட்டவர்கள் பக்கம்தான் நான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். 1945-ல், ஏறத்தாழ ஒரே சமயத்தில், இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் நாயகி திருமணமானவள், இரண்டிலும் வீடு அவளுக்குப் போதவில்லை.

ஒன்று ‘ப்ரீஃப் என்கவுண்டர்’. சீலியா ஜான்சன் நடித்த லாரா வியாழக்கிழமைதோறும் பக்கத்து ஊருக்கு வருகிறாள். ஸ்டேஷனில் கண்ணில் தூசி விழ, ஒரு டாக்டர் அதை எடுத்துவிடுகிறார். அங்கே தொடங்குகிறது. கடைசிச் சந்திப்பில் ரயில்வே கேன்டீனில் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது, லாராவுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்து வளவளவென்று பேச ஆரம்பித்துவிடுகிறார். விடைபெற ஒரு வார்த்தை பேச முடியவில்லை. டாக்டர் எழுந்து, லாராவின் தோளில் கையை வைத்து லேசாக அழுத்திவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கையின் கனம் எனக்குக் குறைவதில்லை. ஆனால் ரோச்செஸ்டர் ஊரில் இதைப் பரீட்சார்த்தமாகத் திரையிட்டபோது காதல் காட்சிகளில் ஜனங்கள் சிரித்தார்கள். நெகட்டிவையே கொளுத்திவிடலாமா என்று தோன்றியதாக, படத்தை இயக்கிய லீன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று ‘தி விக்கட் லேடி’. கெய்ன்ஸ்பரோ ஸ்டுடியோ தயாரிப்பு. மார்கரெட் லாக்வுட் நடித்த பார்பரா, தோழியின் மாப்பிள்ளையையே அபகரித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு அந்த வாழ்க்கை சலித்துப்போகிறது. சீட்டாட்டத்தில் தோற்ற தன் தாயின் நகையை மீட்க, முகமூடி போட்டு ராத்திரியில் கோச்சு வண்டியை மறிக்கிறாள். நகை கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை, ஏனென்றால் அது அவளுக்குப் பிடித்துவிட்டது. ஜேம்ஸ் மேசன் நடித்த வழிப்பறிக்காரனோடு கூட்டுச் சேர்கிறாள், கொலையும் செய்கிறாள். கடைசியில் தண்டனை உண்டு. ஆனால் தியேட்டருக்கு வந்தவர்கள் தண்டனையைப் பார்க்க வரவில்லை. விற்ற டிக்கெட் சுமார் 1 கோடியே 84 லட்சம். விமர்சகர்கள் இதைக் குப்பை என்று ஒதுக்கினார்கள். 1999 பட்டியலிலும் இடமில்லை.

போர்க்காலத்தில் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து, குண்டுவீச்சுக்கு நடுவில் பிள்ளைகளைக் காப்பாற்றி, போர் முடிந்ததும் மறுபடி அடுப்படிக்குப் போ என்று சொல்லப்பட்ட பெண்கள்தான் கெய்ன்ஸ்பரோ படங்களின் பெரும்பகுதிப் பார்வையாளர்கள். அவர்கள் பார்பராவிடம் எதைப் பார்த்தார்கள் என்று அன்றைய விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர்களுக்குத் தரம் என்றால் யதார்த்தம், அடக்கம், நல்ல இலக்கிய வாடை. அந்த அளவுகோலில் லாரா தேறுவாள், பார்பரா தேற மாட்டாள். லாரா பெரிய படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த 100-ல் பார்பராவுக்கு ஓர் இடம்கூட இல்லாதது அநியாயம்.

அப்புறம், ‘விமர்சகர்கள்’ என்று ஒரே கூட்டமாகச் சொல்வதும் சரியல்ல. படம் வந்த வாரம் எழுதுபவரும் முப்பது வருஷம் கழித்து வாக்களிப்பவரும் வேறு வேறு ஆட்கள். 1960-ல் மைக்கேல் பவல் ‘பீப்பிங் டாம்’ எடுத்தார். பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தின் பயத்தைப் படம்பிடிக்கும் ஒரு கேமரா உதவியாளனின் கதை. மண்வெட்டியால் அள்ளிச் சாக்கடையில் தள்ள வேண்டிய படம் என்கிற அளவுக்கு ஒரு பத்திரிகை எழுதியது. விநியோகஸ்தர்கள் பயந்து படத்தைத் தியேட்டர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘தி ரெட் ஷூஸ்’ போன்ற புகழ்பெற்ற படத்தை எடுத்த பவலுக்கு அதன்பிறகு பிரிட்டனில் வேலை கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. எழுபதுகளின் இறுதியில் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி முயன்று அமெரிக்காவில் மறுபடி திரையிட வைத்தார். 1999-ல் அதே ‘பீப்பிங் டாம்’ 100 சிறந்த படங்களில் ஒன்று. இங்கே அன்றைய விமர்சகர்களும் தோற்கடித்தார்கள், விநியோகஸ்தர்களும் தோற்கடித்தார்கள். அந்தப் படத்தைக் காப்பாற்றியது இன்னொரு இயக்குநர்.

1973-ல் வந்த ‘டோன்ட் லுக் நவ்’ படத்தை பிரிட்டன் தியேட்டர்களில் ஓட்டியபோது, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்று கூடவே ஒரு துணைப்படத்தையும் போட்டார்கள். வெட்டிச் சுருக்கி ஓட்டிய அந்தத் துணைப்படம்தான் ‘தி விக்கர் மேன்’. முதலாவது, 2011-ல் ‘டைம் அவுட்’ பத்திரிகை சினிமாத் துறையினர் 150 பேரிடம் கேட்டு வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டாவதைத் தூக்கி நிறுத்தியவர்கள் ரசிகர்கள், அதுவும் வருஷக்கணக்கில்.

மக்கள், விமர்சகர்கள், ஆஸ்கர் எல்லாரும் ஒரே குரலில் பாராட்டிய படங்களும் உண்டு. ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ அப்படிப்பட்டது. 7 ஆஸ்கர், இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. அலெக் கின்னஸின் நடிப்புக்காக நானும் அதை மதிக்கிறேன். ஆனால் படத்தின் கதை நடக்கும், போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட அந்த சயாம் (தாய்லாந்து) ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். படம் பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் கதையைத்தான் சொல்கிறது. எல்லாரும் ஒத்துப்போன இடத்திலும் நாம் தனியாக ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, எதைப் பார்ப்பது? ‘தி தேர்ட் மேன்’ முதலில். அதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம். அடுத்து ‘ப்ரீஃப் என்கவுண்டர்’, மறுநாளே ‘தி விக்கட் லேடி’, இடைவெளி விடாதீர்கள். அப்புறம் கென் லோச்சின் ‘கெஸ்’. பார்ன்ஸ்லி சுரங்க வட்டாரப் பேச்சு காதுக்குப் பிடிபடாது, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் மக்கு என்று தள்ளிவைத்த பையன் வகுப்பில் எழுந்து, தன் வல்லூறைப் பழக்கிய விதத்தைப் படிப்படியாக விவரிக்கிற காட்சிக்காகவே பார்க்கலாம். கடைசியாக ‘பீப்பிங் டாம்’. அதை வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.