இன்ஜினைப் பார்க்கும் முன் அமரத்தைத் தட்டிப் பாருங்கள்

(சின்னப் படகு வாங்குவது, ஓட்டிப் பழகுவது பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்)

கேள்வி: அண்ணா, ஆறு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா கட்டுமரத்தில் போனவர், இப்போது முடியவில்லை. சொந்தமாக ஒரு பைபர் படகு வாங்க ஆசை. பழைய படகும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினும் சேர்ந்து விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் புதுசு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகர், சேதுபாவாசத்திரம்

பதில்: தம்பி, விற்கிறவர் முதலில் இன்ஜினைத்தான் காட்டுவார், வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தானே பார்க்கிறார்கள். நீங்கள் படகைக் கரையில் ஏற்றச் சொல்லிவிட்டு நேராக அமரத்துக்குப் போங்கள். இன்ஜின் மாட்டியிருக்கும் அந்தப் பின்பக்கத்தில், பைபருக்கு நடுவே பெரும்பாலும் பலகை வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கினால் அந்தப் பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிக்கொண்டிருக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒரு சின்ன மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் டக்கென்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், ஊறிப்போன இடம் பொத்தென்று அமுங்கும். அப்புறம் இன்ஜினின் அடிக்காலைப் பிடித்து அழுத்தி அசையுங்கள். அமரமும் சேர்ந்து வளைந்தாலோ, மூலையில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

நான் வாங்கிய முதல் படகில் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் ஒரு அலையில் ஏறி இறங்கியபோது இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, கூட வந்தவர் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டே வர, பொழுது சாய்ந்துதான் கரை சேர்ந்தோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பலகை ஈரச்சாக்கு மாதிரி கையோடு வந்தது.

அமரம் சரியாக இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தினமும் மணலில் இழுத்து இழுத்து அடிவரி தேய்ந்து பைபர் இழை வெளியே தெரிகிறதா, ஒட்டுப் போட்ட இடங்கள் எத்தனை, மிதப்புக்காக அடைத்த அறைகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே அளவுப் படகு இரண்டைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் குடித்த படகு எது என்று தோளுக்குத் தெரிந்துவிடும்.

இன்ஜினுக்கு வருவோம். நீங்கள் போகும்போது அது குளிர்ந்து இருக்க வேண்டும். முதல் வேலையாக மூடியில் கை வையுங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டிப் பதமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, கியர் எண்ணெய் அடைப்பைக் கொஞ்சம் தளர்த்திச் சொட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும், இன்ஜினுக்குள் குளிர்ந்த நீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிளக்கைக் கழற்றி இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனால் நல்லது. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செலவு காத்திருக்கிறது. கடைசியாக, கரையில் ஓட்டிக் காட்டியதோடு விடாமல் கடலில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

படகின் பதிவு யார் பெயரில் இருக்கிறது, இன்ஜின் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்து, பணம் கைமாறும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: புது இன்ஜின் வாங்கப் போகிறேன். டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? கால் நீளம் இரண்டு விதம் என்கிறார்களே? 9.9க்குப் பதில் 15 போட்டால் என்ன?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கால் நீளத்தை உங்கள் படகுதான் முடிவு செய்யும். அமரத்தின் உயரம் சுமார் 15 அங்குலம் என்றால் குட்டைக்கால், 20 என்றால் நீளக்கால். புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டை மூடி மாதிரி இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். மேலே ஏறினால் புரொப்பல்லர் காற்றை அள்ளும், கீழே இறங்கினால் இழுவை கூடி பெட்ரோல்தான் வீணாகும்.

டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, நம் ஊர் மெக்கானிக் யாரும் பிரித்து மாட்டிவிடுவார், ஆனால் பெட்ரோலில் எண்ணெய் கலந்தாக வேண்டும். நிறைய இன்ஜின்களுக்கு 50க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. உங்கள் இன்ஜினுக்கு என்ன என்பதைக் கையேட்டில் பாருங்கள், புதிதாக ஓட்டும் முதல் சில மணி நேரத்துக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், சத்தம் குறைவு, ஆனால் கனம். வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் படுக்க வைக்கும்போது கையேட்டில் சொன்ன பக்கமாகத்தான் வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடும். தினமும் கழற்றித் தோளில் சுமக்கிறவராக இருந்தால் டூ ஸ்ட்ரோக், மற்றவர்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் என்பது என் கருத்து.

படகு கட்டியவர் 9.9க்குக் கட்டியிருந்தால் 15 வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் நல்ல நங்கூரமும் வாங்குங்கள்.

கேள்வி: படகு வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வெளியே ஓட்டுவது சுலபமாக இருக்கிறது. வாய்க்காலுக்குள் நுழைந்து துறையில் நிறுத்தும்போது மட்டும் பக்கத்துப் படகில் இடித்துவிடுகிறேன். வேகத்தைக் குறைத்தால் திரும்பவே மாட்டேன் என்கிறது.
– ஒரு வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. அவுட்போர்டு படகுக்குத் தனிச் சுக்கான் கிடையாது. புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர்தான் சுக்கான். நியூட்ரலில் போட்டுவிட்டுக் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் படகு தன் போக்கில்தான் போகும். பதற்றத்தில் பெரும்பாலானவர்கள் கியரை எடுத்துவிட்டுத் திருப்புகிறார்கள், அங்கேதான் இடி விழுகிறது. முதலில் கைப்பிடியைத் திருப்புங்கள், பிறகு ஒரே ஒரு நொடி கியர் போட்டு எடுங்கள். திருப்பு, கொடு, எடு. இந்த வரிசை கைக்குப் பழக வேண்டும்.

இரண்டாவது விஷயம், பைக் மாதிரி முன்பக்கம் போன வழியில் பின்பக்கம் வராது. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், வலப்பக்கம் போகும், அதே நேரத்தில் அமரம் இடப்பக்கமாக வீசும். நீங்கள் அணியத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் பக்கத்துப் படகில் இடிப்பது எது என்றால் உங்கள் அமரம்தான். திருப்பும் முன் பின்னால் ஒரு பார்வை பாருங்கள்.

மூன்றாவது காற்றும், நீவாடு என்கிற நீரோட்டமும். துறைக்கு வெளியே கியரை எடுத்துவிட்டு அரை நிமிடம் சும்மா நில்லுங்கள், படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு எதிர்த்திசையில் நெருங்குங்கள், காற்றே உங்களுக்கு பிரேக் ஆகிவிடும். காற்று முதுகில் தள்ள வந்தால் எவ்வளவு பழகியவருக்கும் சிரமம்தான்.

பழகுவதற்கு ஒன்று செய்யுங்கள். காலையில் காற்று எழும் முன், ஆள் இல்லாத இடத்தில் மூன்று காலி கேன்களைக் கல் கட்டி மிதக்கவிடுங்கள். ஒவ்வொன்றிடமும் போய், கையால் தொட முடிகிற தூரத்தில், அதை இடிக்காமல் நில்லுங்கள். பின்கியரிலும் செய்யுங்கள். ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம், வேறெதுவும் வேண்டாம். வேகமாக ஓட்ட யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, மெதுவாக ஓட்டத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் கடலில் தாழை (கடல்புல்) அதிகம். நடுவில் இன்ஜின் சூடாகி நின்றுவிடுகிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகர், மணமேல்குடி

பதில்: தாழை தண்ணீர் இழுக்கும் துளைகளை அடைத்துவிடுகிறது. நான் மேலே சொன்ன அந்தப் பீய்ச்சும் தண்ணீரை அடிக்கடி திரும்பிப் பாருங்கள். அது மெலிந்தால் உடனே இன்ஜினை நிறுத்தி, அதன் காலைத் தூக்கி, புரொப்பல்லரையும் துளைகளையும் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்தும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அது சின்னச் செலவுதான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவிவிடுங்கள்.

தாழை இருக்கும் இடத்தில் வேகம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஆவுளியா, அந்தக் கடல்பசு, அதைத்தான் மேய்கிறது, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அதன் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. புரொப்பல்லர் பட்டால் அது பிழைப்பது கடினம். ஆழமில்லாத தாழைக்காட்டில் நடை வேகத்தில் போங்கள், தயவுசெய்து.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 21 வயது. புதுப் படகு வாங்கித் தனியாகவும் போகிறான். அவன் திரும்பும் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகில் என்னென்ன இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும்?
– ஒரு தாய், கோட்டைப்பட்டினம்

பதில்: அம்மா, முதலில் அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றைப் பற்றிக் கேளுங்கள். இன்ஜின் சுவிட்சில் மாட்டியிருக்கும், இன்னொரு முனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கி இன்ஜின் நின்றுவிடும். கட்டாமல் விழுந்தால் படகு அவனை விட்டுவிட்டுப் போய்விடும், சில சமயம் வட்டமடித்து அவன் மேலேயே வரும். தனியாகப் போகும் பிள்ளைக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. லைஃப் ஜாக்கெட் படகின் மூலையில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்.

பெட்ரோலை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கைத் தொடவே கூடாது. துடுப்பு ஒன்று, மாற்று பிளக், ஸ்பேனர், டார்ச், குடிதண்ணீர். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும், இரண்டு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்துக்குப் பத்து பாகம். இன்ஜின் நின்றுவிட்டால் நங்கூரத்தை அணியத்தில் கட்டிப் போட வேண்டும், அமரத்தில் கட்டினால் அலை பின்னாலிருந்து ஏறிப் படகை நிரப்பிவிடும். கரையிலிருந்து கடல் பக்கமாகக் காற்று அடிக்கும் நாளில் இன்ஜின் நின்ற படகு இலங்கைக் கடல் எல்லையை நோக்கியே ஒதுங்கும், அதனால் ஜி.பி.எஸ். கருவியும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும் நாட்களில் இந்த வருடம் அவன் தனியாகப் போக வேண்டாம், பழகியவர்களோடு போகட்டும்.

உங்கள் பங்குக்கு ஒன்று. அவன் கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் போன் எடுக்கவில்லை என்றால் துறையில் இருக்கும் மற்ற படகுக்காரர்களிடம் சொல்லுங்கள், உடனே 1554க்கும் அழையுங்கள். அது கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண். வீணாக அழைத்துவிட்டோமோ என்று கூச்சப்பட வேண்டாம், அம்மா. எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், அவன் போனிலும் இன்றே பதிந்துவிடுங்கள்.