மதியத்தில் மட்டும் ஷவர் கொதித்தால்

வணக்கம். காலையில் இதமாக வரும் ஷவர் மதியத்துக்கு மேல் கொதிக்கிறது, தெர்மோஸ்டாட்டைக் குறைத்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மொரிஷியஸ் கோடையில், கூரையில் சோலார் ஹீட்டர் வைத்த வீடுகளில் இது நடப்பதுதான். தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துவது உள்ளே இருக்கும் மின்சாரக் காயிலை மட்டும். வெயில் அதன் பேச்சைக் கேட்காது. நல்ல வெயில் நாளில் தொட்டி 70 டிகிரியைத் தாண்டலாம். 60 டிகிரி நீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளை வேறு இருக்கிறது என்கிறீர்கள், தள்ளிப் போடாதீர்கள்.

சோலார் தொட்டியிலிருந்து இறங்கும் வெந்நீர்க் குழாயில் தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து 50 டிகிரிக்குள் கொண்டுவந்துவிடும். ஆனால் இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வெந்நீர் கூரைத் தொட்டி வழியாகவும் பச்சைத் தண்ணீர் நேரே தெருக்குழாயிலிருந்தும் வந்தால், தெருவில் அழுத்தம் குறையும்போதெல்லாம் ஷவரில் சூடு எகிறும். பிளம்பரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அதற்கு முன், பச்சைத் தண்ணீரை மட்டும் திறந்து பாருங்கள். அதுவும் சுட்டால், கான்கிரீட் கூரைமேல் வெயிலில் கிடக்கும் குழாயாக இருக்கலாம். கொஞ்சம் ஓடவிட்டால் ஆறிவிடும். ஆறவே இல்லையென்றால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் ஷவர் குழாயான மிக்ஸருக்குள் வெந்நீர் கசிகிறதா என்று பாருங்கள், அதனுள் நீரைக் கட்டுப்படுத்தும் கார்ட்ரிட்ஜ் என்ற பாகத்தை மாற்ற வேண்டிவரலாம். வால்வு போடும்வரை பச்சைத் தண்ணீரை முதலில் திறந்து, அப்புறம் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.